பழைய சாக்சபோனா, புதிய சாக்சபோனா?

கோவில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் ஒலிக்கும் நாதசுவரம் நமக்கு நன்கு பழக்கமான கருவியாகும். பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் வட்டாரத்தில் அமைந்துள்ள பைராம் தோட்டம் போன்ற தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள், தொலைவில் அந்த ஓசையைக் கேட்டதுமே மங்கல நிகழ்ச்சி ஒன்று நடைபெறுவதை அறிந்துகொள்வர். இன்று சில திருமண மேடைகளில் நாதசுவரத்தோடு சாக்சபோனும் இடம்பெறுகிறது. பள்ளி வாத்தியக் குழுக்களிலும் இக்கருவியைக் காணலாம்.

சாக்சபோன் கற்க விரும்புவோர் தொடக்கத்திலேயே ஒரு கேள்வியைச் சந்திக்கின்றனர். பழைய கருவியைத் தேர்ந்தெடுப்பதா, புதிய கருவியைத் தேர்ந்தெடுப்பதா? "பழைய கருவியின் நாதம் புதியதில் வராது" என்பார் ஒருவர். "அறுபது ஆண்டுகளுக்கு முந்திய கருவியோடு ஏன் போராட வேண்டும்?" என்பார் மற்றொருவர். இரண்டு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆயினும், வாசிக்கப்போகிறவர் யார் என்பதைக் கேளாமல் இக்கேள்விக்கு விடை கூற இயலாது. டெனர் சாக்சபோனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கருவியின் அமைப்பு

பெல்ஜியம் நாட்டில் 1814ஆம் ஆண்டு பிறந்த அடோல்ப் சாக்ஸ் என்பவர் சாக்சபோனை உருவாக்கினார். பாரிஸ் நகரில் குடியேறிய அவர், 1846ஆம் ஆண்டு அதற்கான காப்புரிமையைப் பெற்றார். இக்கருவி பித்தளையால் செய்யப்பட்டிருந்தாலும் இசை வல்லுநர்கள் இதனை மரக் காற்றுக்கருவிகளின் வகையிலேயே சேர்க்கின்றனர். ஊதுவாயில் பொருத்தப்பட்ட மெல்லிய நாணல் பட்டையின் அதிர்வே ஓசையை எழுப்புவதும், குழலில் உள்ள துளைகளைத் திறந்து மூடிச் சுரங்களை மாற்றுவதும் இதற்குக் காரணங்களாகும். நாதசுவரத்தின் சீவாளியும் நாணலால் ஆனதே. சீவாளியில் நாணல் இதழ்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. சாக்சபோனிலோ ஒரே நாணல் பட்டை ஊதுவாயின் விளிம்பில் மோதி அதிர்கிறது.

இரண்டு கருவிகளுக்கும் மற்றோர் ஒற்றுமையும் உண்டு. இரண்டின் குழல்களும் மேலே குறுகிக் கீழே விரிந்து செல்லும் கூம்பு வடிவம் கொண்டவை. கூம்பு முனையில் கூராக முடிய வேண்டும். ஆனால், கூரிய முனையில் ஊத முடியாது. ஆகவே, சாக்சபோனில் கூம்பின் நுனி வெட்டப்பட்டு, அந்த இடத்தில் ஊதுவாய் பொருத்தப்படுகிறது. வெட்டப்பட்ட நுனியில் எவ்வளவு காற்று இருந்திருக்குமோ, ஏறத்தாழ அதற்கு ஈடான காற்று ஊதுவாயின் உட்கூட்டில் இருந்தால்தான் சுரங்கள் சுருதியோடு சேரும். பழைய கருவிகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தி மீண்டும் தேவைப்படும்.

சாக்சபோன் குடும்பத்தில் சொப்ரானோ, அல்டோ, டெனர், பாரிடோன் ஆகிய நான்கும் பெரிதும் வழக்கில் உள்ளவை. டெனர், அல்டோவைவிட நீளமானது. தாழ்ந்த சுருதி கொண்டது. அதன் எடை மூன்று கிலோகிராமுக்கு மேல் இருக்கும். இருபதுக்கும் மேற்பட்ட துளைகள் அதில் உள்ளன. பெரிய துளைகளை விரலால் மூட முடியாது. எனவே, ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடியும், மூடியின் அடியில் தோல் போர்த்திய மெத்தையும் உண்டு. விசையை அழுத்தும்போது தண்டுகள் சுழன்று மூடியை இயக்குகின்றன. ஊசி போன்ற எஃகு வில்கள் அதனைப் பழைய நிலைக்குத் திருப்புகின்றன.

எது பழையது? எது புதியது?

சாக்சபோன் வாசிப்பவர்கள் பழைய கருவி என்று கூறும்போது, பெரும்பாலும் 1920ஆம் ஆண்டுகள் முதல் 1970ஆம் ஆண்டுகள் வரை செய்யப்பட்ட தரமான கருவிகளையே குறிக்கின்றனர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள எல்கார்ட் நகரில் கான், புஷர், மார்ட்டின் ஆகிய நிறுவனங்கள் கருவிகளைச் செய்தன. பாரிஸ் நகரின் செல்மர் நிறுவனம் 1922ஆம் ஆண்டு தன் முதல் சாக்சபோனை வெளியிட்டது. அந்நிறுவனம் 1954ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய 'மார்க் 6' எனும் கருவியே பழைய கருவிகளுள் மிகுந்த புகழ் பெற்றது. ஜான் கோல்ட்ரேன், சோனி ரோலின்ஸ் போன்ற ஜாஸ் கலைஞர்கள் செல்மர் கருவிகளை வாசித்தமையும் அப்புகழுக்குக் காரணமாயிற்று.

புதிய கருவிகளுள் ஜப்பானின் யமாஹா, யனகிசாவா நிறுவனங்களின் கருவிகளும், தைவானில் செய்யப்படும் கருவிகளும், செல்மரின் இன்றைய கருவிகளும் குறிப்பிடத்தக்கவை. யமாஹா 1967ஆம் ஆண்டு சாக்சபோன் தயாரிப்பில் இறங்கியது. தொடக்க மாணவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட நம்பகமான கருவிகள் அதன்பின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கின.

விரல்களுக்குக் கிடைத்த எளிமை

பழைய கருவிக்கும் புதிய கருவிக்கும் உள்ள முதல் வேறுபாட்டை விரல்கள் உணரும். குறிப்பாக, இடக்கைச் சுண்டுவிரல் உணரும். டெனரின் மிகத் தாழ்ந்த சுரங்களை எழுப்ப, அதன் விரிந்த வாய்ப்பகுதியில் உள்ள பெரிய துளைகளை மூட வேண்டும். அவற்றை இயக்கும் பொறுப்பு, கைவிரல்களுள் வலிமை குறைந்த சுண்டுவிரலுக்கே உரியது. பழைய அமெரிக்கக் கருவிகள் பலவற்றில் இந்தத் துளைகள் இடப்பக்கத்தில் அமைந்திருந்தன. விசைகளும் கடினமாக இருந்தன. ஒரு விசையிலிருந்து மற்றொன்றுக்குச் சுண்டுவிரலை நகர்த்துவது எளிதன்று.

செல்மர் நிறுவனம் 1930ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் இத்துளைகளை வலப்பக்கத்திற்கு மாற்றி, விசைகளையும் தண்டுகளையும் திருத்தியமைத்தது. பின்னர் வந்த கருவியில் இரு கைகளுக்கும் உரிய துளைகளை ஒரே நேர்க்கோட்டில் வைக்காமல், கைகள் இயல்பாக அமரும் வகையில் சற்றே விலக்கி வைத்தது. இன்று செய்யப்படும் சாக்சபோன்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. மிக உயர்ந்த சுரம் ஒன்றிற்கென ஒரு கூடுதல் விசையும் புதிய கருவிகளில் வழக்கமாக உண்டு. பழைய கருவிகள் பலவற்றில் அது இல்லை. கைதேர்ந்த கலைஞர்கள் தனிப்பட்ட விரல்முறையாலும் மூச்சுக் கட்டுப்பாட்டாலும் அந்தச் சுரத்தை எழுப்பிவிடுவர்.

சுருதியில் உள்ள வேறுபாடு

இரண்டாவது வேறுபாடு சுருதியைச் சார்ந்தது. இன்று உலகெங்கும் மேற்கத்திய இசைக் குழுக்கள், 'ஏ' எனும் சுரத்தை 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வைத்துச் சுருதி சேர்க்கின்றன. 1939ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற அனைத்துலக மாநாடு இந்த அளவைப் பரிந்துரைத்தது. அதற்கு முன்பு நாட்டுக்கு நாடு, குழுவுக்குக் குழு அளவு மாறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்ட சில சாக்சபோன்கள், ஏறத்தாழ 457 ஹெர்ட்ஸ் எனும் 'உயர் சுருதி'க்கு ஏற்ப அமைக்கப்பட்டன. அத்தகைய கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்றைய பள்ளி வாத்தியக் குழுவில் பயன்படாது. ஊதுவாயைச் சற்று வெளியே இழுத்தால் சில சுரங்கள் சேரும். மற்றவை ஒன்றுக்கொன்று விலகிப்போகும். துளைகளுக்கு இடையிலான தொலைவே வேறு கணக்கில் அமைந்திருப்பதுதான் இதற்குக் காரணம். எனவே, மிகப் பழைய கருவியைப் பார்ப்போர், அதன் வரிசை எண்ணுக்கு அருகில் உயர் சுருதிக்குரிய முத்திரை உள்ளதா என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

சரியான சுருதிக்குச் செய்யப்பட்ட பழைய கருவியிலும் ஓர் ஐயம் எழலாம். சில சுரங்கள் ஏறியும் சில சுரங்கள் இறங்கியும் ஒலிக்கலாம். குறை எப்போதும் கருவியில்தான் உள்ளது என்று கூற முடியாது. பழைய கருவிகள் பல, அகன்ற உட்கூடு கொண்ட ஊதுவாய்க்கு ஏற்பச் செய்யப்பட்டவை. அவற்றில் குறுகிய உட்கூடு கொண்ட இன்றைய ஊதுவாயைப் பொருத்தினால், கூம்பின் வெட்டப்பட்ட நுனிக்கு ஈடான காற்று கிடைக்காது. அதனால் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். புதிய கருவிகளில் கீழ்ஸ்தாயியும் மேல்ஸ்தாயியும் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு புதிய கருவிகளுக்கு இடையிலும் வேறுபாடு குறைவு.

நாதம் எங்கிருந்து பிறக்கிறது?

பழைய டெனரின் நாதம் அகன்றது, இருண்டது, மென்மையானது என்று பலர் கூறுவர். புதிய டெனரின் நாதம் கூர்மையானது, தெளிவானது, சீரானது என்பர். குழலின் கூம்பு விரியும் அளவும், கழுத்துப் பகுதியின் வடிவமும், துளைகளின் பருமனும் மாறியிருப்பதால் இந்தக் கருத்துக்கு அடிப்படை உண்டு. ஆயினும், வேறு சில நம்பிக்கைகளை நாம் ஆராய்ந்தே ஏற்க வேண்டும்.

போரில் எஞ்சிய பீரங்கிக் குண்டு உறைகளை உருக்கிச் செய்ததால்தான் செல்மர் மார்க் 6 சிறந்து ஒலிக்கிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் ஒரு கதை. காற்றுக்கருவியின் ஓசையைப் பெரிதும் முடிவு செய்வது, குழலுக்குள் உள்ள காற்றின் வடிவமே. குழலின் சுவர் எந்த உலோகத்தால் ஆனது என்பதன் பங்கு மிகச் சிறிது என்றே ஒலியியல் அறிஞர்கள் கருதுகின்றனர்.

மற்றொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன்பும் நல்ல கருவிகளும் குறையுள்ள கருவிகளும் கலந்தே செய்யப்பட்டன. நல்ல கருவிகளைக் கலைஞர்கள் பழுதுபார்த்துப் பாதுகாத்தனர். குறையுள்ளவை கைவிடப்பட்டன, பல பழைய இரும்புக் கடைக்குச் சென்றன. இன்று நம் கைக்கு வருபவற்றுள் நல்லவை மிகுந்திருப்பதால், அக்காலத்தில் செய்யப்பட்டவை அனைத்தும் சிறந்தவை என்று நமக்குத் தோன்றுகிறது. பழைய வீடுகள், பழைய பாடல்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போதும் நாம் இவ்வாறே எண்ணிவிடுகிறோம்.

நாதசுவரமும் மாறியது

கருவி காலத்துக்கேற்ப மாறுவது தமிழிசைக்குப் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை திமிரி எனும் குட்டையான நாதசுவரமே பெரிதும் வழக்கில் இருந்தது. அது உயர்ந்த சுருதியில், வெகு தொலைவுக்குக் கேட்கும்படி ஒலிக்கும். திறந்த வெளியில் நடைபெறும் சாமி ஊர்வலத்திற்கு அந்த ஓசை பொருத்தமாக இருந்தது. கச்சேரி மேடைகள் பெருகியபோது, நீளமானதும் தாழ்ந்த சுருதி கொண்டதுமான பாரி நாதசுவரம் செல்வாக்குப் பெற்றது. அதனைப் பரப்பியவர்களுள் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை முதன்மையானவர். 1898 முதல் 1956 வரை வாழ்ந்த அவருடைய காலத்திலேயே, தஞ்சை வட்டாரத்தின் நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்திமம் துல்லியமாக ஒலிக்கும் பாரி நாதசுவரத்தை அவருக்காகச் செய்து தந்தார். அவ்வூரில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படும் நாதசுவரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. திமிரி தாழ்ந்தது, பாரி உயர்ந்தது என்று இதனால் பொருள் கொள்ளக்கூடாது. ஊர்வலத்தின் தேவை வேறு. மேடையின் தேவை வேறு.

சாக்சபோனையும் தமிழர் செவிக்கு ஏற்றதாக மாற்றிய கலைஞர் ஒருவர் உண்டு. அவர் கத்ரி கோபால்நாத். கர்நாடக மாநிலத்தில் நாதசுவரக் கலைஞரின் மகனாகப் பிறந்த அவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் ஒலித்த சாக்சபோனைக் கேட்டு அதன்மேல் ஈடுபாடு கொண்டார். பின்னர்ச் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். அவர் வாசித்தது டெனருக்கு இளைய அல்டோ ஆகும். நாதசுவரத்தில் துளையை விரல் நேரடியாகத் தொடுவதால், அதனைப் பாதி மூடியும் மெல்லத் திறந்தும் கமகங்களை எழுப்பலாம். சாக்சபோனில் விரலுக்கும் துளைக்கும் இடையே மூடி ஒன்று நிற்கிறது. அந்தத் தடையைக் கடக்க, கோபால்நாத் தம் கருவியில் சில மாற்றங்களைச் செய்ததோடு உதட்டையும் மூச்சையும் பல்லாண்டுகள் பழக்கினார். 1994ஆம் ஆண்டு லண்டன் பிபிசி ப்ரோம்ஸ் இசை விழாவில் அவர் வாசித்தார். அதே ஆண்டு வெளிவந்த 'டூயட்' திரைப்படத்தின் வழி அவருடைய சாக்சபோன் தமிழ் மக்களிடையே பரவியது. 2004ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2019ஆம் ஆண்டு மறைந்தார். தமக்கு வேண்டியது எது என்பதை நன்கு அறிந்திருந்ததால்தான் அவரால் கருவியைத் தம் வழிக்குக் கொண்டுவர முடிந்தது.

தொடக்க மாணவரின் நிலை

அனுபவம் மிக்க கலைஞருக்கும் தொடக்க மாணவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. பைராம் தோட்டத்தில் வாழும் மாணவி ஒருத்திக்கு, குடும்ப நண்பர் ஒருவர் பழைய டெனர் சாக்சபோனை அன்பளிப்பாகத் தருகிறார் என வைத்துக்கொள்வோம். கருவி பல ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. பினாங்கின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுதி. மெத்தையின் தோல் ஊறிக் காய்ந்து விறைத்திருக்கும். எஃகு வில்கள் துருப்பிடித்திருக்கும். வெளித்தோற்றத்தில் இவை தெரியா.

குழலின் மேற்பகுதியில் ஒரு மூடி மட்டும் சரியாகப் பொருந்தவில்லை என்றால், அதன் வழியே காற்று கசியும். கீழே உள்ள சுரங்களை எழுப்ப மேலே உள்ள துளைகள் யாவும் மூடியிருக்க வேண்டும். எனவே, அந்த ஒரு கசிவே கீழ்ச்சுரங்கள் அனைத்தையும் கெடுத்துவிடும். சுரம் திடீரென மேல்ஸ்தாயிக்குத் தாவும்; அல்லது நடுங்கி ஒலிக்கும். அனுபவமுள்ள கலைஞர் இரண்டு நிமிடங்களில் இது கருவியின் குறை என்று கண்டுகொள்வார். அந்த மாணவிக்கோ ஒப்பிட்டுப் பார்க்க வேறு கருவி இல்லை. தன் மூச்சில் வலிமை இல்லை, தனக்கு இசை வராது என்றே அவள் எண்ணிக்கொள்வாள். ஒரு மாதம் முயன்று கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவாள். பழுதான கருவியால் ஏற்படும் பெரிய இழப்பு இதுவே. பணத்தை மீண்டும் ஈட்டலாம். 'எனக்கு வராது' என்ற எண்ணம் எளிதில் மறையாது.

புதிய கருவி என்றால் இந்தத் தொல்லை இருக்காது என்றும் உறுதியாகக் கூற முடியாது. மிக மலிவாக விற்கப்படும் பெயர் அறியாத சில கருவிகளின் விசைகள் மெல்லிய உலோகத்தால் ஆனவை. அவை விரைவில் வளைந்து, அதே கசிவை உண்டாக்கும். ஆகவே, வயதைவிடக் கருவியின் நிலையே முதலில் கவனிக்கத்தக்கது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும். அவர் இருட்டறையில் சிறு விளக்கொன்றைக் குழலுக்குள் இறக்கி, மூடிகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பார். ஒளி கசியும் இடத்தில் காற்றும் கசியும். எல்லா மெத்தைகளையும் மாற்ற வேண்டியிருந்தால், அதற்கான செலவைக் கருவியின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவதாக, கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். தாழ்ந்த சுரங்களுக்குச் சுண்டுவிரல் வலியின்றி எட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். டெனரின் எடை சிறிய உடல்வாகு கொண்ட மாணவருக்குச் சுமையாக இருந்தால், அல்டோவில் தொடங்கலாம்.

மூன்றாவதாக, சுருதிமானியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாக ஊதிப் பார்க்க வேண்டும். ஆசிரியரோ அனுபவமுள்ள வாசிப்பாளரோ உடன் இருந்து ஊதினால், குறை கருவியில் உள்ளதா, ஊதுபவரிடம் உள்ளதா என்பது தெளிவாகும்.

வீட்டில் பழைய கருவி இருந்தால், அதனைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் தேய்த்துவிடக்கூடாது. இயந்திரத்தால் தேய்த்து மறுபூச்சு பூசினால் உலோகம் தேயும். செதுக்கு வேலைப்பாடு மங்கும். கருவியின் மதிப்பும் குறையும். கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மெத்தைகளையும் வில்களையும் புதுப்பித்தால், அது இன்னும் பல ஆண்டுகள் ஒலிக்கும்.

தனக்கெனத் தனி நாதத்தைத் தேடும் கலைஞருக்குப் பழைய கருவி ஏற்றது. அதன் குறைகளைத் தாமறியாமலே உதட்டால் சரிசெய்து வாசிக்கும் ஆற்றல் அவருக்கு உண்டு. சுரங்களை இப்போதுதான் அறிந்துகொள்ளும் மாணவருக்கோ, கசிவில்லாத, சுருதி சீரான, விரலுக்கு எளிய கருவி வேண்டும். பெரும்பாலும் அது தரமான புதிய கருவியாகவோ, நன்கு பராமரிக்கப்பட்ட அண்மைக்காலக் கருவியாகவோ இருக்கும். மாணவர் ஊதும் மூச்சுக்கு நேர்மையாக விடை தரும் கருவி கையில் இருந்தால், தாம் செய்யும் பிழையை அவரே செவியால் கேட்டுத் திருத்திக்கொள்ள முடியும். பயிற்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது.